மறையும் மறைப்பும்



சமயமும் இலக்கியமும் ஒன்றையொன்று தொடுகிற ஏதாவது ஓர் இடத்தைப் பற்றிப் பேசுங்கள் என்று மட்டுமே இந்தப் பேச்சை நடத்தும் அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தார் என்னிடம் கேட்டுக்கொண்டார்கள். நான் பேராசிரியன் அல்லன். முப்பத்தோர் ஆண்டுகள் கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்தவன். ஆகவே, என் மேசைக்கு வந்த ஒரு புத்தகத்திலிருந்தே தொடங்குகிறேன்.

டான் பிரவுன் எழுதிய 'தி டா வின்சி கோட்' 2003 மார்ச்சில் வெளியானது. உலகெங்கும் எட்டுக் கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்ற நாவல். கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தின் காப்பாளர் இரவில் சுட்டுக் கொல்லப்படுகிறார். சாகும் முன் தன் உடலையே ஒரு புதிராக்கி வைத்துவிட்டுப் போகிறார். சின்னங்களை ஆராயும் ஹார்வர்டு பேராசிரியர் ஒருவரும், காப்பாளரின் பேத்தியும் அந்தப் புதிரை அவிழ்த்தபடி ஓடுகிறார்கள். ஓட்டத்தின் முடிவில் வரும் இரகசியம் இது: இயேசு மகதலா மரியாவை மணந்தார், அவர்கள் வழிவந்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள், திருச்சபை இதை மறைத்தது, லியோனார்டோ டா வின்சி தன் ஓவியங்களில் இதைப் பொதிந்து வைத்தார்.

எங்கள் நூலகத்தில் இரண்டு பிரதிகள் இருந்தன. இரண்டும் அலமாரியில் நின்று நான் பார்த்ததில்லை. 2006 கோடையில், வரலாறு இரண்டாம் ஆண்டு படித்த ஒரு மாணவி புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தவள், முதல் அத்தியாயத்துக்கு முன்னால் இருந்த ஒரு பக்கத்தைத் திறந்து அதில் விரலை வைத்தாள். "சார், கதைன்னா கதைன்னு விட்டுடலாம். இது கதைக்கு முன்னாடி இருக்கே?" என்றாள்.

'உண்மை' என்று தலைப்பிட்ட பக்கம் அது. சீயோன் மடம் என்ற இரகசியச் சங்கம் 1099-ல் நிறுவப்பட்டது, அது இன்றும் இருக்கும் அமைப்பு என்கிறது. அந்தச் சங்கத்தின் உறுப்பினர்களாக நியூட்டன், விக்டர் ஹியூகோ, லியோனார்டோ ஆகியோரைக் காட்டும் ஏடுகள் பாரிஸ் தேசிய நூலகத்தில் 1975-ல் கண்டெடுக்கப்பட்டன என்கிறது. நாவலில் வரும் கலைப் படைப்புகள், கட்டடங்கள், ஆவணங்கள், சடங்குகள் ஆகியவற்றின் வர்ணனைகள் எல்லாம் துல்லியமானவை என்றும் சொல்கிறது. அன்று அந்தப் பெண்ணுக்கு என்னால் ஒழுங்கான பதில் சொல்ல முடியவில்லை. இந்தப் பேச்சை, நான் அவளுக்குத் தாமதமாகச் சொல்லும் பதில் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பக்கத்தில் என்னை உறுத்தியது 'தேசிய நூலகம்' என்ற சொல். நூலகத்தின் பெயரைச் சாட்சிக்கு இழுத்தால் நூலகனுக்கு வலிக்கும். அதனால் முதலில் அதையே தேடிப்போனேன்.

சீயோன் மடம் பிறந்த ஆண்டு 1956. பிறந்த இடம் பிரான்சின் கிழக்கு எல்லையில், ஜெனீவாவுக்கு அருகே உள்ள அன்னமாஸ் என்ற ஊர். பியேர் பிளாந்தார் என்பவரும் அவருடைய நண்பர்கள் சிலரும், நம் ஊரில் ஒரு மன்றத்தைப் பதிவு செய்வதுபோல அரசு அலுவலகத்தில் மனுக் கொடுத்துப் பதிவு செய்த சங்கம் அது. பெயரில் உள்ள சீயோன், எருசலேமின் சீயோன் மலையைக் குறிக்கவில்லை. பக்கத்திலேயே அதே பெயரில் ஒரு குன்று உண்டு. அவர்கள் நடத்திய 'சிர்க்யூய்' என்ற சிற்றிதழ் குறைந்த வாடகைக் குடியிருப்புகளில் வசிப்போரின் உரிமைகளைப் பற்றிப் பேசியது. நல்ல காரியந்தான். ஆனால் அதில் இயேசுவின் இராவுணவுக் கிண்ணமும் இல்லை, அவர் வம்சமும் இல்லை.

பிளாந்தாருக்கு ஒரு தீராத ஆசை இருந்தது. பிரான்சைப் பழங்காலத்தில் ஆண்ட மெரொவிங்கிய அரசர்களின் வாரிசு தான் என்று ஊர் நம்ப வேண்டும் என்பதே அது. அதற்கு அவருக்குக் கைகொடுத்தது தெற்கே மலைமேல் இருக்கும் ரென்-லெ-ஷாத்தோ என்ற சிற்றூரின் கதை. அங்கே 1885-ல் பங்குச் சாமியாராக வந்த பெராஞ்சே சோனியேர், வருமானத்துக்கு மிஞ்சி மாளிகையும் கோபுரமும் கட்டினார். பணம் வந்த வழி மேற்றிராணியாரின் விசாரணையில் தெரிந்துபோனது. ஊர் ஊராகக் கடிதம் எழுதிப் பூசைக் காசு வாங்கியிருக்கிறார். ஒரு மனிதன் ஆயுள் முழுக்க வைத்தாலும் தீராத அளவுக்கு வாங்கியிருக்கிறார். 1917-ல் அவர் இறந்தார். 1950-களில் அந்த மாளிகையை ஓட்டலாக்கிய நொயல் கோர்பு என்பவர், சாமியார் புதையல் எடுத்தார் என்ற கதையைப் பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார். விருந்தினர் வரத்து கூடியது. பிளாந்தாரின் நண்பர் பிலிப் த செரிசே, கோவில் தூணில் கிடைத்ததாகச் சொல்லி இரண்டு பழைய ஏடுகளைத் தானே தயாரித்தார். 1967-ல் ஜெரார் த செத் எழுதிய புத்தகத்தில் அவை அச்சேறின. நாவலில் கொல்லப்படும் காப்பாளரின் பெயர் சோனியேர் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

அதே 1967-ல் பாரிஸ் தேசிய நூலகத்தில் ஒரு மெல்லிய கோப்பு வந்து சேர்ந்தது. 'இரகசியக் கோப்புகள்' என்பது அதன் பெயர். தட்டச்சுத் தாள்கள், வம்சாவளிப் பட்டியல்கள், செய்தித்தாள் துணுக்குகள். தொகுத்தவர் என்று ஒரு புனைபெயர். சங்கத் தலைவர்களின் பட்டியல், லியோனார்டோ, நியூட்டன் உட்பட, அதில்தான் இருக்கிறது. நாவலின் முன்பக்கம் இதைத்தான் 1975-ல் கண்டெடுத்த ஏடுகள் என்கிறது. யாரும் தோண்டி எடுக்கவில்லை. கொண்டுவந்து வைத்தார்கள், நூலகம் வாங்கி வைத்துக்கொண்டது.

நூலகம் அதற்கு ஓர் எண் கொடுத்தது. நண்பர்களே, எண் கொடுப்பது எங்கள் தொழில். பதிவேட்டில் ஏற்றி, முதுகில் சீட்டு ஒட்டி, அலமாரியில் இடம் காட்டுவோம். ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்பதற்கு அந்த எண் சாட்சி. அதில் எழுதியிருப்பது மெய் என்பதற்கு அது சாட்சி ஆகாது. இந்த வேறுபாட்டை நூலகர்கள் நாங்கள் வாசகருக்கு உரக்கச் சொல்லவில்லை. பிளாந்தார் அந்த மௌனத்தைப் பயன்படுத்திக்கொண்டார். பொய்யைப் பெரிய நூலகத்தின் வாசலில் வைத்துவிட்டு நகர்ந்தார். பின்னால் வந்தவர்கள் அதை நூலகம் சொன்ன செய்தியாக எடுத்துப் போனார்கள்.

போனவர்களில் ஒருவர் ஹென்றி லிங்கன். பிபிசி தொலைக்காட்சியில் 1972 முதல் இதைப் படமாக்கினார். பிறகு மைக்கேல் பெய்ஜென்ட், ரிச்சர்ட் லே இருவரோடும் சேர்ந்து 1982-ல் 'தி ஹோலி பிளட் அண்ட் தி ஹோலி கிரெய்ல்' என்ற புத்தகத்தை எழுதினார். மெரொவிங்கிய வம்சம் இயேசுவின் வம்சமே என்ற சேர்மானம் அதில்தான் கலந்தது. பிளாந்தார்கூட அதை ஒப்புக்கொள்ளவில்லை. அவருக்கு அரச வாரிசுப் பட்டம் போதுமாயிருந்தது. நாவலில் இரகசியத்தை விளக்கும் அறிஞரின் பெயர் லே டீபிங். 'லே' அப்படியே வந்த பெயர். பெய்ஜென்ட் என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளை இடம் மாற்றி அடுக்கினால் 'டீபிங்' வரும். 2006-ல் பெய்ஜென்டும் லேயும் நாவலின் பதிப்பகத்தின் மீது லண்டன் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத் தோற்றார்கள். வரலாறு என்று சொல்லி ஒரு செய்தியை வெளியிட்டால், அதை எடுத்து நாவல் எழுதும் உரிமை பிறருக்கும் வந்துவிடுகிறது. தீர்ப்பெழுதிய நீதிபதி பீட்டர் ஸ்மித், அந்தத் தீர்ப்பின் எழுத்துகளுக்குள்ளேயே ஒரு சங்கேதச் செய்தியைப் பொதிந்து வைத்தார். இந்தக் கதையின் ஈர்ப்பு அவ்வளவு வலியது. பிளாந்தாரோ 1993-ல் வேறொரு வழக்கின் விசாரணையில், மடம் முழுக்கத் தன் கற்பனை என்று சத்தியப் பிரமாணத்தின் மேல் ஒப்புக்கொண்டிருந்தார். நாவல் வெளிவருவதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பு.

முன்பக்கத்தின் முதற்பகுதி இத்துடன் விழுந்துவிடுகிறது. ஆனால் அதோடு என் மனம் ஆறவில்லை. பொய்யைப் பொய் என்று காட்டுவது சுலபம். எட்டுக் கோடிப் பேர் ஏன் ஆசையாக வாசித்தார்கள் என்பதற்கு அது பதிலாகாது. சமயத்துக்குள் ஏதோ ஆழமாக இருக்கிறது, நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை என்ற பசி அவர்களுக்கு இருந்தது. அந்தப் பசி மெய்யானது, மதிக்கத்தக்கது. நாவல் அதற்கு இட்ட சோறு எப்படிப்பட்டது என்பதே என் கேள்வி.

நம் மொழியில் வேதத்துக்கு மறை என்று பெயர். நான் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவன். ஆயரின் ஆளுகைக்கு உட்பட்ட ஊர்களை மறைமாவட்டம் என்கிறோம், பூசையில் சாமியார் செய்யும் பிரசங்கத்தை மறையுரை என்கிறோம், விசுவாசத்தின் மையத்தில் இருப்பதை மறைபொருள் என்கிறோம். அப்பத்தையும் இரசத்தையும் உயர்த்திக் காட்டியபின் சாமியார் அந்த மறைபொருளை அறிவிப்பார். கோவில் முழுக்க, குழந்தைகள் உட்பட, வாய்விட்டுப் பதில் சொல்வார்கள். ஒவ்வொரு ஞாயிறும் ஊரறியச் சொல்லும் ஒன்றுக்கு மறை என்று பெயர் வைத்திருக்கிறோம். சொல்லச் சொல்லத் தீராதது, பார்க்கப் பார்க்க உள்ளே போய்க்கொண்டே இருப்பது என்ற பொருளில் அது மறை. ஒருவன் எடுத்து ஒளித்து வைப்பது வேறு, அது மறைப்பு. சாவி கிடைத்ததும் பெட்டி திறக்கும், பெட்டி திறந்ததும் சாவிக்கு வேலை இல்லை. நாவல் கிறித்தவத்தின் மறைகளை ஒவ்வொன்றாக எடுத்து மறைப்புகளாக மாற்றிவிட்டது. நான் பேச வந்த விஷயம் இவ்வளவுதான். இனிக் காட்டுபவை எல்லாம் அதற்கு உதாரணம்.

'இராவுணவு' ஓவியத்தை எடுத்துக்கொள்வோம். மிலான் நகரில் சாந்தா மரியா தெல்லே கிராசியே மடத்தின் உணவறைச் சுவரில், 1495-க்கும் 1498-க்கும் இடையே லியோனார்டோ தீட்டியது. ஒன்பது மீட்டருக்குச் சற்றே குறைந்த அகலம், நாலரை மீட்டருக்கு மேல் உயரம். இயேசுவின் வலப்பக்கத்தில் மீசை தாடி இல்லாத மென்மையான முகத்தோடு சாய்ந்திருப்பவர் யோவான் அல்லர், மகதலா மரியா என்கிறது நாவல். மார்பின் சாயல்கூடத் தெரிகிறதாம். மேசையில் கிண்ணம் இல்லாததால், கிண்ணம் என்பது அந்தப் பெண்ணே என்கிறது. கத்தி பிடித்த கை ஒன்று உடலற்று நிற்கிறது, அவளை மிரட்டுகிறது என்கிறது.

எங்கள் நூலகத்தில் இந்த ஓவியத்தைப் பகுதி பகுதியாகப் பெரிதாக்கி அச்சிட்ட ஒரு கனத்த புத்தகம் இருந்தது. வெளியே கொடுக்கமாட்டோம். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு பல மதியங்கள் அதைப் பார்த்திருக்கிறேன். கத்தியிலிருந்து தொடங்குங்கள். அது பேதுருவின் வலக்கை. மணிக்கட்டை மடக்கி இடுப்பருகே பின்னால் முறுக்கி வைத்திருக்கிறார். அவசரமாக எழுந்து முன்னால் சாய்ந்ததில், உணவு அறுக்க எடுத்த கத்தி கையோடு போய்விட்டது. முறுக்கிய அந்தக் கைக்காக லியோனார்டோ தனியே வரைந்து பார்த்த படம் இங்கிலாந்தில் விண்ட்சர் கோட்டையில் இருக்கிறது. சில நாழிகை கழித்து, கெத்சமனித் தோட்டத்தில் தலைமைக் குருவின் பணியாளன் ஒருவனின் காதை வெட்டப்போவது அதே பேதுருதான். அந்தக் கத்தி வரப்போவதை முன்கூட்டிச் சொல்கிறது.

பேதுருவின் இடக்கை யோவானின் தோளுக்கு நீள்கிறது. நாவல் இதைக் கழுத்தறுக்கும் சைகை என்கிறது. யோவான் நற்செய்தியின் 13-ஆம் அதிகாரத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு பாருங்கள். உங்களில் ஒருவன் என்னைக் காட்டிக்கொடுப்பான் என்று இயேசு சொல்லிவிட்டார். யாரென்று கேள் என, பேதுரு யோவானுக்குச் சைகை காட்டுகிறார். ஓவியம் பிடித்து நிறுத்தியிருப்பது அந்த நொடியை. யோவான் பேதுருவின் பேச்சைக் கேட்க அந்தப் பக்கம் சாய்வதால்தான் இயேசுவுக்கும் அவருக்கும் இடையே 'வி' வடிவ வெற்றிடம் விழுகிறது. அந்தச் சாய்வில் இடிபட்டு முன்னுக்குத் தள்ளப்பட்ட யூதாஸ் பணப்பையை இறுக்கிக்கொள்கிறான். பக்கம் பக்கமாக விரியும் ஒரு திகிலை லியோனார்டோ மூன்று உடல்களின் நெருக்கத்தில் சொல்லிவிட்டார். அதை எல்லாம் தாண்டிவிட்டு, 'வி' என்ற எழுத்தை மட்டும் வெட்டி எடுத்து அது பெண்ணின் சின்னம் என்று சொல்லும்போது எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

யோவான் ஏன் அப்படி அழகாக இருக்கிறார்? சீடர்களில் அவரே மிக இளையவர் என்பது மரபு. புளோரன்ஸ் ஓவியர்கள் அவரை அப்படித்தான் வரைந்தார்கள். அந்திரேயா தெல் காஸ்தாஞ்ஞோ 1447-ல் வரைந்ததிலும், கிர்லாந்தாயோ 1480-ல் வரைந்ததிலும் யோவானுக்கு அதே மழித்த முகம், அதே நீண்ட கூந்தல். அந்த உருவம் மரியா என்றால், பன்னிரண்டு பேரில் யோவான் எங்கே போனார் என்ற கேள்வி மிஞ்சும். இன்னொன்று. ஈரச் சுண்ணத்தில் வேகமாகத் தீட்டும் முறை லியோனார்டோவுக்குப் பிடிக்கவில்லை. நின்று யோசித்து வரைய வேண்டி, காய்ந்த சுவரில் வண்ணம் பூசினார். அவர் காலத்திலேயே அது உதிரத் தொடங்கிவிட்டது. 1652-ல் துறவிகள் வாசல் வெட்டியதில் இயேசுவின் பாதங்கள் போயின. 1943-ல் குண்டு விழுந்து கூரை சரிந்தபோது மணல்மூட்டைகளுக்குப் பின்னால் சுவர் மட்டும் நின்றது. பினின் பிரம்பில்லா என்ற பெண்மணி இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து, பிற்காலத்தார் பூசிய பூச்சுகளைத் துளித்துளியாக நீக்கி, 1999-ல் முடித்தார். மூலவண்ணம் உதிர்ந்துபோன இடங்களில் மெல்லிய நீர்வண்ணம் மட்டும் தடவி விட்டார். அப்படிப்பட்ட சுவரில் மார்பின் சாயலைப் படிப்பது, கறையைப் படிப்பதுதான்.

லூவ்ர் கண்ணாடிப் பிரமிடில், நாவல் சொல்வதுபோல, 666 சில்லுகள் இல்லை, 673 இருக்கின்றன. ஸ்காட்லாந்தின் ராஸ்லின் சிற்றாலயத்தைத் தொடங்கியது 1446-ல். அதைக் கட்டியதாக நாவல் சொல்லும் டெம்ப்ளர் வீரர்களின் சபை 1312-லேயே கலைக்கப்பட்டுவிட்டது. ஓபுஸ் தேயி என்ற கத்தோலிக்க அமைப்பில் நாவல் காட்டும் கொலைகாரத் துறவிபோல அங்கி அணிந்த துறவிகளே கிடையாது. இவற்றில் நேரம் செலவிட வேண்டாம்.

பிலிப்பு நற்செய்திக்குச் சற்று நேரம் வேண்டும். 1945-ல் எகிப்தின் நாக் ஹம்மாதி அருகே மண்ணுக்குள் ஒரு சாடியில் பதின்மூன்று தோலட்டைச் சுவடிகள் கிடைத்தன. அவற்றில் இரண்டாவது சுவடியில் இருப்பது அந்த நூல். மகதலா மரியாவை இயேசுவின் துணை என்று அது சொல்கிறது. அரமேய மொழியில் துணை என்றால் மனைவிதான் என்று நாவலின் டீபிங் அடித்துப் பேசுகிறார். அந்தச் சுவடி அரமேயத்தில் இல்லை. கோப்திய மொழியில் இருக்கிறது, அந்த இடத்தில் வருவதோ 'கொய்னோனோஸ்' என்ற கிரேக்கச் சொல். பங்காளி, கூட்டாளி, தோழமை என்று பல பொருளுக்கு நெகிழும் சொல் அது. அடுத்து, இயேசு அவளை முத்தமிட்டதாக ஒரு வரி. எங்கே முத்தமிட்டார் என்ற சொல் வரவேண்டிய இடத்தில் பாப்பிரஸ் தாளில் ஓட்டை விழுந்திருக்கிறது. கையா, நெற்றியா, கன்னமா, தெரியாது. நாவல் அந்த ஓட்டையில் 'வாய்' என்ற சொல்லை வைத்து, ஓட்டை இருந்த தடம்கூடத் தெரியாமல் அச்சிட்டுவிட்டது.

ஓலைச்சுவடியில் பூச்சி அரித்த இடத்துக்கு நம் பதிப்பாசிரியர்கள் புள்ளி வைத்தார்கள். பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் பத்தாம்பத்தும் கிடைக்காதபோது, உ.வே.சாமிநாதையர் கிடைத்த எட்டுப் பத்தைத்தான் பதிப்பித்தார். அவர் நினைத்திருந்தால் நிரப்பியிருக்கலாம். அவ்வளவு புலமை அவருக்கு இருந்தது. சுவடியோடு பழகியவனுக்கு அந்தப் புள்ளிகள் புனிதமானவை. என்னைப் பொறுத்தவரை, இந்த நாவல் செய்த பெரிய தவறு அந்த ஒற்றை ஓட்டையை அடைத்தது.

அடுத்தது நிசேயா சங்கம். இயேசுவைக் கடவுளாக்கியது கி.பி. 325-ல் கான்ஸ்டன்டைன் கூட்டிய இந்தச் சங்கத்தின் வாக்கெடுப்பு, அதுவும் நூலிழையில் வென்ற வாக்கெடுப்பு என்கிறார் டீபிங். கூடிய ஆயர்கள் ஏறக்குறைய முந்நூறு பேர். கடைசிவரை கையெழுத்திட மறுத்தவர்கள் இருவர். அங்கே நடந்த வாதம், மகன் தந்தையோடு ஒரே இயல்புடையவரா, தந்தையால் படைக்கப்பட்டவரா என்பது. கிறித்துவைக் கடவுளாகப் பாடித் துதிக்கிறார்கள் என்று உரோம ஆளுநர் பிளினி பேரரசருக்கு எழுதியது அதற்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே. எந்த நற்செய்திகள் பைபிளில் இடம்பெற வேண்டும் என்று நிசேயா தீர்மானிக்கவும் இல்லை.

நிசேயா தீர்மானித்தவற்றில் நாவல் கண்டுகொள்ளாமல் போனது ஒன்று உண்டு: ஈஸ்டரை எல்லாச் சபைகளும் ஒரே நாளில் கொண்டாட வேண்டும் என்பது. வசந்தகாலத்தில் பகலும் இரவும் சமமாகும் நாளுக்குப் பின் வரும் பௌர்ணமி, அதற்குப் பின் வரும் ஞாயிறு என்று கணக்கு நிலைபெற்றது. சொல்வது எளிது. ஜூலியன் காலண்டர் ஆண்டுக்குப் பதினொரு நிமிடம் வீதம் பிசகியது. 1582-ல் பார்த்தால் மார்ச் 21-ல் வரவேண்டிய சமநாள் மார்ச் 11-க்கு வந்து நின்றது. போப் கிரகோரி பத்து நாள்களைக் காலண்டரிலிருந்து நீக்கினார். சூரியனை அளக்காமல் ஈஸ்டர் இல்லை என்பது அதற்குப்பின் எல்லோருக்கும் புரிந்தது. அளப்பதற்கு உயரமும் இருட்டும் அசையாத தரையும் வேண்டும். அவை மூன்றும் உள்ள இடம் பேராலயம்.

பாரிசில் உள்ள சான்-சுல்பிஸ் ஆலயத்தின் தரையில் ஓடும் பித்தளைக் கோடு அப்படித்தான் வந்தது. நாவலில் கொலைகாரத் துறவி சைலஸ் நள்ளிரவில் மண்டியிட்டு உடைக்கும் தரை அந்தக் கோட்டின் ஓரம். அதை ரோஜாக் கோடு, பழைய புறச்சமயக் கோவிலின் மிச்சம், பாரிசின் தீர்க்கரேகை என்றெல்லாம் நாவல் சொல்கிறது. தீர்க்கரேகை அந்த ஆலயத்துக்குள் ஓடவே இல்லை; கிழக்கே தள்ளி ஓடுகிறது. ஹென்றி சல்லி என்ற ஆங்கிலக் கடிகாரக் கைவினைஞர் 1727-ல் வேலையைத் தொடங்கினார். வானியலாளர் லெ மொன்னியே 1743-ல் முடித்தார். தெற்குச் சன்னலில் உயரத்தில் ஒரு சிறு துளை. அதன் வழியே இறங்கும் சூரிய ஒளி தரையில் ஒரு வட்டமாக விழுந்து, மெல்ல ஊர்ந்து, அந்த ஊரின் நண்பகலில் கோட்டைக் கடக்கும். மார்கழிக் குளிர்காலத்தில் சூரியன் தாழ இருப்பதால் ஒளி வடக்குச் சுவரோரம் நிற்கும் வெண்பளிங்குத் தூணின்மேல் ஏறும். கோடை வரவர அது தெற்கே இறங்கிவரும். பகலும் இரவும் சமமாகும் நாளில், பீடத்தின் முன்னே தரையில் பதித்த நீள்வட்டத் தகட்டைத் தொடும். ஈஸ்டர் எப்போது என்று கேட்டவர்களுக்கு அந்தத் தகடு பதில் சொன்னது. கூட்டம் கூட்டமாக வந்து தரையைத் தட்டிப் பார்த்தவர்களுக்காக ஆலயத்தார் ஓர் அறிவிப்பை எழுதி ஒட்டினார்கள். சன்னலில் உள்ள 'பி', 'எஸ்' என்ற எழுத்துகள் ஆலயத்தின் பாதுகாவலர்களான பேதுருவையும் சுல்பிசையும் குறிப்பவை, சீயோன் மடத்தை அல்ல என்றும் அதில் சேர்த்தார்கள்.

இந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் எனக்கு மெய்சிலிர்க்கும். நாவல் தேடுவது மகதலா மரியாவை. அவளைத் தேடி அந்தப் பித்தளைக் கோட்டுக்கே வந்து, கல்லை உடைத்துப் பார்த்து, உள்ளே தேடியது கிடைக்காமல் திரும்புகிறது. அந்தக் கோடு போட்டதே ஈஸ்டர் நாளைக் கண்டுபிடிக்க. ஈஸ்டர் விடியலில் கல்லறைக்கு முதலில் போனவள் யார்? இருட்டு விலகும் முன்னே போய், கல் புரண்டிருக்கக் கண்டு, அழுதுகொண்டு நின்று, எதிரே நிற்பவரைத் தோட்டக்காரர் என்று நினைத்து, தன் பெயரை அவர் சொல்லி அழைத்ததும் அறிந்துகொண்டு, ஓடிப்போய்ச் சீடர்களிடம் சொன்னவள் அவளே. நான்கு நற்செய்திகளிலும் கல்லறைக் காட்சியில் அவள் பெயர் இருக்கிறது. கல்லுக்கு அடியில் அல்ல, கோட்டின் மேலேயே இருந்தாள்.

அப்படியானால் திருச்சபை அவளுக்கு நியாயம் செய்ததா? செய்யவில்லை. லூக்கா நற்செய்தியின் ஏழாம் அதிகாரக் கடைசியில், பெயர் சொல்லப்படாத பாவிப் பெண் ஒருத்தி இயேசுவின் பாதங்களைக் கண்ணீரால் நனைக்கிறாள். எட்டாம் அதிகாரத் தொடக்கத்தில், ஏழு பேய்கள் நீங்கிய மகதலா மரியா, தம் சொத்திலிருந்து செலவழித்து இயேசுவோடு நடந்த பெண்களில் ஒருத்தியாக வருகிறாள். இந்த இருவரையும், பெத்தானியா மரியாவையும் சேர்த்து ஒருத்தியாக்கி, ஏழு பேய்களை ஏழு பாவங்களாக்கி, 591-ல் போப் பெரிய கிரகோரி பிரசங்கம் செய்தார். கீழைச் சபைகள் அதை ஏற்கவில்லை. மேற்கில் அது நிலைத்தது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. 1969-ல் கத்தோலிக்கத் திருவழிபாட்டுக் காலண்டரைத் திருத்தியபோது மூவரையும் பிரித்தார்கள். ஆனால் உரக்கச் சொல்லவில்லை. மறைத்தார்கள் என்று நாவல் குற்றம் சாட்டுகிறது. என் குற்றச்சாட்டு வேறு: பிழையைக் கூரைமேல் நின்று சொன்னவர்கள் திருத்தத்தை வாய்க்குள் சொன்னார்கள். 2006-ல் திரைப்படம் வந்தபோது தமிழக அரசு அதைத் திரையிடத் தடை போட்டது. சென்னை உயர் நீதிமன்றம் தடையை நீக்கியது. தடை கேட்டுத் தெருவில் நின்ற நம்மவர்களின் வேதனை எனக்குப் புரிகிறது. அந்த நேரத்தில் ஒவ்வொரு பங்கிலும் மகதலா மரியாவைப் பற்றி ஒரு நல்ல மறையுரை நிகழ்ந்திருந்தால் போதும் என்று அப்போதும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன்.

என் அத்தைக்கு மதலேன் என்று பெயர். மகதலா மரியாவின் நினைவு நாளான ஜூலை 22-ல் பிறந்ததால் வைத்த பெயர். எங்கள் ஊர்க் கோவிலில் தவக்காலம் வந்தால் பாவி மதலேனைப் பற்றிப் பிரசங்கம் நடக்கும். பெண்கள் பக்கம் உட்கார்ந்திருக்கும் அத்தை முக்காட்டை இன்னும் இழுத்து விட்டுக்கொள்வதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். "ஊருல எத்தனை பேரு இருக்கு, எங்கய்யா இந்தப் பேரைப் போயி வெச்சாரே" என்று ஒருமுறை அம்மாவிடம் சொல்லி அழுதார்.

அந்த மாணவிக்குப் பதில் தேடிப் படித்ததையெல்லாம், 2006-ல் ஊருக்குப் போயிருந்தபோது அத்தையிடம் சொன்னேன். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப அந்தம்மா என்ன பாவந்தான் தம்பி செஞ்சாங்க?"

"ஒண்ணும் எழுதலை அத்தே. உடம்பு முடியாம இருந்தாங்க, சரியாச்சு. அவ்வளவுதான் இருக்கு."

புடைப்பதை நிறுத்தினார். "மொதல்ல பாத்தது அவங்கதான்னு எனக்குத் தெரியும். ஈஸ்டருக்கு ஈஸ்டர் வாசிக்கிறாங்களே. அதைக் கேக்குறப்பல்லாம், இவங்களையா அப்புடி சொல்றாங்கன்னு இருக்கும். சாமியாருகிட்ட எப்புடிக் கேக்குறது?"

2016 ஜூனில், மகதலா மரியாவின் நினைவு நாளைத் திருத்தூதர்களுக்கு நிகரான விழாவாகப் போப் பிரான்சிஸ் உயர்த்தினார். திருத்தூதர்களுக்குத் திருத்தூதர் என்ற பழைய பட்டத்தை அந்த விழாவின் பூசையில் சேர்த்தார்கள். செய்தியை அச்செடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். அத்தைக்குக் கண் மங்கியிருந்தது, படித்துக் காட்டினேன். இரண்டு முறை படிக்கச் சொன்னார். பிறகு சுவரில் மாட்டியிருந்த பங்குக் காலண்டரை ஆணியிலிருந்து எடுத்து வரச் சொன்னார். ஜூலைத் தாளை விரித்து அவர் மடியில் வைத்தேன். இருபத்திரண்டாம் தேதிக் கட்டத்தைத் தொட்டுக் காட்டச் சொல்லி, அதில் விரலை வைத்துக்கொண்டு, "பேனா வெச்சிருக்கியா தம்பி?" என்று கேட்டார்.